சிறிய மகிழுந்துகளில் டர்போ கிட் பொருத்தும் வழக்கத்தின் வரலாறு

டர்போ கிட் என்பது டர்போசார்ஜர் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மகிழுந்தில் பின்னாளில் பொருத்திக்கொள்வதற்காகத் தனியாக விற்கப்படும் உறுப்புகளின் தொகுப்பு ஆகும். டர்போசார்ஜர், அதைத் தாங்கும் மேனிஃபோல்டு, எண்ணெய்க் குழாய்கள், காற்றுக் குழாய்கள், கூடுதல் எரிபொருள் செலுத்தும் கருவி ஆகியவை பொதுவாக இதில் இருக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1970களில் பரவத் தொடங்கிய இவ்வழக்கம், 1990களில் சாதாரண வீட்டின் வண்டிக் கொட்டகை வரை வந்து சேர்ந்தது. ஒரு மனிதர் தம் சொந்த வண்டியின் எஞ்சினைத் தாமே திறந்து, அதன் திறனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. அதே எஞ்சினைச் சில நொடிகளில் பாழாக்கிவிடவும் முடியும் என்பது இதன் மறுபக்கம்.

கருத்தின் தோற்றம்

உள்ளெரி எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகப் புகைக்குழாய் வழியே வீணாகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி கண்டார். 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். எண்ணம் சரியாக இருந்தும், அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. இருபது ஆண்டுகள் கழித்தே இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறை வெற்றி கண்டது. 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது.

இதற்கிடையே வானூர்திகள் முந்திக்கொண்டன. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் எஞ்சின் திறன் குறைகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், 1918இல் லிபர்ட்டி எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் மலைச்சிகரத்துக்குக் கொண்டு சென்றார். ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், டர்போ இல்லாமல் 230 குதிரைத்திறன் மட்டுமே தந்த எஞ்சின், டர்போவுடன் 356 குதிரைத்திறன் தந்தது. கடல் மட்டத்தில் அது தந்த திறனும் ஏறத்தாழ அவ்வளவே. பாடநூலில் படிக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் அரிது.

மகிழுந்தில் முதல் முயற்சியும் பின்வாங்கலும்

1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ மகிழுந்துகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செவ்ரோலெ கார்வெர் மோன்சா ஸ்பைடர் ஒன்று. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் மற்றொன்று. பின்னாளில் வீட்டில் டர்போ பொருத்தியவர்கள் சந்தித்த சிக்கல்கள் அனைத்தையும் ஜெட்ஃபயர் முன்கூட்டியே சந்தித்துவிட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, தீப்பொறியால் ஒழுங்காக எரிய வேண்டும். அழுத்தமும் வெப்பமும் மிகுந்தால் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலி எழுவதால் இதனைத் தட்டல் என்பர். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், அல்லது உருகும். ஜெட்ஃபயர் எஞ்சினின் அழுக்க விகிதம் 10.25க்கு 1. டர்போ இல்லாத எஞ்சினுக்கே அது உயர்ந்த அளவு. எனவே தட்டலைத் தடுக்க, வடிநீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் தெளிக்க ஏற்பாடு செய்தனர். தொட்டி காலியானால் ஒரு தடுக்கிதழ் மூடி, வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பொறியியல் நோக்கில் குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். ஆனால் தொட்டியை நிரப்ப வேண்டும் என்பதை உரிமையாளர்கள் பலர் மறந்தனர். பிறகு வண்டி ஓடவில்லை என்று குறைபட்டனர். பத்தாயிரத்துக்கும் குறைவான வண்டிகளே விற்றன. 1965இல் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பொருத்தித் தர முன்வந்தது.

கார்வெரில் வேறு வழி. அழுக்க விகிதத்தை 8க்கு 1 எனக் குறைத்து, புகைக்குழாயின் எதிரழுத்தமே டர்போவைக் கட்டுப்படுத்துமாறு விட்டுவிட்டனர். நுட்பம் குறைவு, ஆனால் உழைத்தது இதுதான்.

ஜப்பானில் கிட் பிறந்த கதை

யமஹாவில் பணியாற்றிய பொறியாளர் ஹிரோயுகி ஹசெகாவா, 1973இல் ஃபூஜி மலை அடிவாரத்தில் எச்.கே.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இந்நிறுவனம் ஜப்பானிய மகிழுந்துக்கான டர்போ கிட் ஒன்றை உருவாக்கியது. அந்நாட்டின் பெருநிறுவனங்களில் நிசான் தன் செட்ரிக் வண்டியில் டர்போவை அளித்தது 1979இல்தான். தொழிற்சாலைகளுக்கு முன்பே சிறு பட்டறை அதைச் செய்துவிட்டது.

ஐரோப்பாவில் 1973இல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, எண்ணெய் நெருக்கடியில் சிக்கி விரைவில் நின்றுபோனது. சுவீடனின் சாப் நிறுவனம் 1977இல் அறிமுகம் செய்த 99 டர்போ வேறு பாதையில் சென்றது. சிறிய டர்போவைத் தேர்ந்து, அழுத்தம் எல்லை மீறினால் புகையை வேறு வழியில் திருப்பும் வேஸ்ட்கேட் என்னும் அடைப்பிதழை அதனுடன் இணைத்தனர். இதனால் பந்தயப் பாதைக்கு மட்டுமன்றி அன்றாடச் சாலைக்கும் டர்போ பொருந்தியது. 1980களின் தொடக்கத்தில் தட்டலை உணர்ந்து அழுத்தத்தைத் தானே குறைக்கும் மின்னணு முறையையும் சாப் கொண்டுவந்தது.

வீட்டுக் கொட்டகையில்

1989இல் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்னும் பெயரில் விற்றது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். ஓட்டுவதற்கு இனிய வண்டி. ஆனால் திறன் போதவில்லை என்பதே உரிமையாளர்களின் பொதுக்குறை. இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த டர்போ எஞ்சினை மாஸ்டா ஏற்கெனவே தன் 323 வண்டியில் பயன்படுத்தி வந்தது. எனவே அடிப்படை உறுப்புகள் கூடுதல் சுமையைத் தாங்கும் என்ற நம்பிக்கை இருந்தது. டெக்சாசைச் சேர்ந்த கார்கி பெல் போன்றோர் இவ்வண்டிக்குக் கிட் செய்து விற்றனர். 1997இல் அவர் எழுதி வெளிவந்த மேக்ஸிமம் பூஸ்ட் என்னும் நூல், இத்துறையில் இறங்கிய பலருக்குப் பாடநூலாக அமைந்தது.

இத்தகைய கிட்கள் பெரும்பாலும் அரை வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தையே தந்தன. அப்படியானால் காற்று ஒன்றரை மடங்கு உள்ளே போகும் என்று தோன்றும். அப்படிப் போவதில்லை. 27 பாகை செல்சியசில் உள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தும்போது அது ஏறத்தாழ 80 பாகை வரை சூடாகிறது. சூடான காற்று விரிகிறது. கெல்வினில் கணக்கிட்டால் 1.5ஐ 300ஆல் பெருக்கி 353ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 1.27. அதாவது கூடுதல் காற்று 27 விழுக்காடுதான். இண்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியே செலுத்தி 45 பாகைக்குக் கொண்டுவந்தால் கூடுதல் 41 விழுக்காடாகிறது. வண்டியின் முகப்பில் ரேடியேட்டர் போலத் தெரியும் அந்த உறுப்பு அழகுக்காக வைக்கப்பட்டதன்று.

காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. டர்போ அழுத்தத்தின்போது 12 பங்கு காற்றுக்கும் குறைவாக இருக்குமாறு பெட்ரோலை மிகுதியாக விடுவர். மிகைப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சித் தட்டலைத் தடுக்கிறது. தொடக்கக் காலக் கிட்களில் எரிபொருள் அழுத்தத்தை உயர்த்தும் எந்திரக் கருவியே இதைச் செய்தது, அது தோராயமானது. 2001இல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவர் மெகாஸ்குவிர்ட் என்னும் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கினர். வாங்குபவரே பாகங்களைச் சூட்டுக்கோலால் பற்றவைத்து, கணினியில் அளவுகளை அமைத்துக்கொள்ளலாம். அதுவரை தொழிற்சாலைக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்த அறிவு இதனால் பொதுவானது.

பொருத்தும் வேலையில் மிகவும் கவனம் வேண்டுவது எண்ணெய் வழி. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். மெல்லிய எண்ணெய்ப் படலமே அதைத் தாங்குகிறது. உள்ளே வரும் எண்ணெய்க்கு அழுத்தம் உண்டு, திரும்புவதற்கு இல்லை. புவியீர்ப்பால் மட்டுமே வழிந்து கீழிறங்க வேண்டும். அதனால் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, எண்ணெய் மட்டத்துக்கு மேலே துளையிட்டு, அகலமான குழாயை வளைவின்றி இறக்குவர். துளையிடும்போது விழும் உலோகத் தூளைத் துடைத்தெடுக்காமல் தொட்டியை மாட்டினால் தாங்கிகள் தேய்ந்துபோகும். ஒரு நாளில் முடியும் என்று கருதித் தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். வேகமாக ஓட்டியவுடன் எஞ்சினை நிறுத்தினால் டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் கரிந்து படியும் என்பதால், சாவியை எடுத்த பின்னும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் டர்போ டைமர் என்னும் கருவியும் விற்பனைக்கு வந்தது.

சட்டமும் காற்றும்

எரிபொருள் கலவை மாறினால் புகையும் மாறும். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயலைக் கெடுக்கும் உறுப்புகளைத் தடை செய்கிறது. சோதனையில் தேறிய கிட்டுக்கு அம்மாநிலக் காற்றுவள வாரியம் விலக்கு ஆணை எண் ஒன்றை வழங்குகிறது. அந்த எண் கொண்ட வில்லையை வண்டியின் முன்மூடிக்குக் கீழே ஒட்ட வேண்டும். தம் வண்டியில் தாம் செய்வதைத் தடுப்பது முறையா என்று ஆர்வலர்கள் கேட்பதுண்டு. வண்டி ஒருவருடையது, அது விடும் புகை தெரு முழுவதற்கும் உரியது என்பதால் இக்கேள்விக்கு வலு குறைவு. சோதனைச் செலவைத் தாங்க முடியாத சிறு பட்டறைகள் இந்த எண் பெறாமலே கிட்களை விற்றன என்பதும் உண்மை.

2010களில் நிலைமை தலைகீழானது. ஃபோர்டு 2012இல் தன் ஃபோகஸ் வண்டிக்கு 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினை அளித்தது. பிற நிறுவனங்களும் எரிபொருள் சிக்கனத்துக்காகச் சிறிய டர்போ எஞ்சின்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்தின. இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் எண்ணெய்த் தொட்டியில் துளையிடுவதில்லை. கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருளை மாற்றி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கின்றனர். பழைய மியாட்டா வைத்திருப்பவர்கள் இன்னும் கிட் வாங்குகின்றனர்.