கத்துக்குட்டிகளுக்கான வழிகாட்டி - ஒரு சின்ன வரலாறு

வணிகவியல் படிக்கிறவனுக்கு வீடியோ கேம் வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் பெரியப்பா மகன்.

2012-ல் அவர் பிளஸ் டூ முடித்துவிட்டு லீவில் இருந்தார். எனக்கு எட்டு வயசு. மைன்கிராஃப்ட் விளையாட்டில் யாரோ செய்த ஒரு மாட்-ஐச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். (மாட் என்றால் மாடு இல்லை. வெளியான விளையாட்டில் ரசிகர்களே செய்து பகிர்கிற மாற்றம்.) வீட்டில் இன்டர்நெட் கிடையாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்த வழிமுறையை நோட்டில் எழுதிக்கொண்டு, பென் டிரைவில் மாட்-ஐயும் எடுத்து வந்தார். விளையாட்டு எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள் :)

இரண்டு நாள் போராடினார். கறுப்புத் திரைதான் வந்தது.

வழிமுறை ரொம்பச் சின்னது. விளையாட்டின் ஜார் கோப்பை வின்ராரில் திற. மாட்-இல் இருக்கும் கோப்புகளை உள்ளே இழுத்துப் போடு. மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டரை அழித்துவிடு. அவ்வளவுதான். அண்ணன் கடைசி வரியை மட்டும் செய்யவில்லை. "எதையாவது அழிச்சா கேமே போயிடும்டா" என்றார். தப்பே இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் எல்லாரும் சொன்னது அதைத்தானே, தெரியாத கோப்பை அழிக்காதே என்று! அழி என்று சொன்ன வழிகாட்டி ஏன் என்று சொல்லவில்லை.

எங்கள் கணக்குப்பதிவியல் வகுப்பில் குறிப்பேட்டுப் பதிவு எழுதினால், கீழே ஒரு வரி விளக்கக் குறிப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் பற்று, வரவு சரியாக இருந்தாலும் மார்க் குறையும். முதல் வருடம் அது வெட்டி வேலை என்று நினைத்தேன். மாட் வழிகாட்டிகளின் கதையைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

கதை 1993 டிசம்பரில் தொடங்குகிறது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய உல்ஃபன்ஸ்டைன் 3டி-யை (1992) ரசிகர்கள் மூலக் கோப்புகளையே அழித்து எழுதித்தான் மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பார்த்த ஜான் கார்மாக், டூமில் படங்கள், ஒலிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் நிரலிலிருந்து பிரித்து வாட் என்ற தனிக் கோப்பில் வைத்தார். ரசிகன் தன் சொந்த வாட் கோப்பைச் செய்து, டாஸில் விளையாட்டின் பெயரோடு சேர்த்துத் தட்டினால் போதும். மூலக் கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

கதவைத் திறந்தாயிற்று. ஆனால் உள்ளே வழி தெரிய வேண்டுமே? ஐடி-யின் சொந்த எடிட்டர் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்களில்தான் ஓடும். சாதாரண ஆள் வீட்டில் அது ஏது? ரசிகர்களே கோப்பைப் பிரித்து மேய்ந்தார்கள். 1994 ஜனவரியிலேயே டி.ஈ.யூ என்ற எடிட்டர் வந்துவிட்டது. செய்தவர்களில் பிரெண்டன் வைபர் நியூசிலாந்துக்காரர், ரஃபயேல் கினே பெல்ஜியத்துக்காரர். அதே வருடம் மேட் ஃபெல் என்பவர் வாட் கோப்பின் உள்ளமைப்பை முழுக்க விளக்கி "அதிகாரபூர்வமற்ற டூம் விவரக்குறிப்பு" என்று ஒரு ஆவணம் எழுதினார்.

அந்த ஆவணம் ஒரு பொக்கிஷம், சந்தேகமே இல்லை. எத்தனையாவது பைட்டில் என்ன இருக்கிறது, ஒரு சுவர் எந்த இரண்டு புள்ளிகளை இணைக்கிறது, எல்லாம் உண்டு. ஆனால் அது எடிட்டர் எழுதுகிறவருக்கான எழுத்து. ஒரு அறை கட்டிப் பார்க்கலாமே என்று வருகிற பள்ளிக்கூடப் பையனுக்கு முதல் பக்கத்திலேயே தலை சுற்றும்.

அவனுக்கு வேறு கவலைகள். ஆட்டக்காரன் எங்கே நின்று தொடங்குவான் என்று குறிக்க மறந்தால் வரைபடமே ஓடாது. ஒரு சுவருக்குப் பூச்சுப் படம் வைக்க மறந்தால் அந்த இடத்தில் எதுவும் வரையப்படாது, முந்தைய காட்சிகளின் மிச்சமே திரையில் ஒட்டிக்கொண்டு இழுபடும். இந்தக் கோளாறுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் "கண்ணாடி மண்டபம்". எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். "பூச்சுப் பெயர் விடுபட்ட பிழை" என்று பெயர் வைத்திருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும், ஆனால் தெரியாதவன் அதை எப்படித் தேடுவான்? அவன் கண்ணுக்குத் தெரிவது கண்ணாடி மண்டபம்தான். கோப்பின் பக்கம் நிற்காமல், மாட்டிக்கொண்டவன் பக்கம் நின்று வைத்த பெயர்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று தோன்றலாம். 1996-ல் ஐடி வெளியிட்ட ஃபைனல் டூம் தொகுப்பில் இருந்த நிலைகளைச் செய்தது ரசிகர்கள். அதில் ஒரு பாதி டாரியோ, மைலோ என்ற கசாலி சகோதரர்களுடையது. டாரியோ பிறகு வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து ஹாஃப்-லைஃப் (1998) செய்த குழுவில் இருந்தார். அந்த ஹாஃப்-லைஃபுக்கு ஒரு மாட்-ஆக 1999-ல் வந்ததுதான் கவுன்டர்-ஸ்ட்ரைக். முதல் படியில் புரியாமல் திரும்பிப் போன பையன்களை யாரும் கணக்கெடுத்ததில்லை. பேரேட்டில் ஏறாத நஷ்டம் அது.

2002-ல் வந்த மாரோவின்ட் ஒரு படி மேலே போனது. விளையாட்டைச் செய்தவர்கள் பயன்படுத்திய எடிட்டரையே பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். ஆனாலும் அதில் ஸ்கிரிப்ட் எழுதுவது கத்துக்குட்டியை அழவைத்தது. ஒரு உதாரணம். பெட்டியைத் திறந்தால் "உள்ளே ஒன்றுமில்லை" என்று ஒரு செய்தி வர வேண்டும் என்று எழுதுகிறீர்கள். செய்தி வரும். மூடினால் மறுபடி வரும். மூட மூட வந்துகொண்டே இருக்கும்! ஸ்கிரிப்டை மேலிருந்து கீழே ஒரு தடவை ஓடும் சமையல் குறிப்பு மாதிரி நாம் நினைக்கிறோம். அங்கே அது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓடுகிறது. ஒருமுறை சொல்லியாயிற்று என்று ஒரு மாறியில் நாமே குறித்துவைக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு இது மூச்சுவிடுவது மாதிரி, அதனால் சொல்லத் தோன்றாது.

கன்புரிகன் என்ற புனைபெயரில் ஒரு ரசிகர், புகழ்பெற்ற மஞ்சள் அட்டைப் புத்தக வரிசையின் பாணியில் "மாரோவின்ட் ஸ்கிரிப்டிங் ஃபார் டம்மீஸ்" என்று ஒரு வழிகாட்டி தொகுத்தார். மக்குகளுக்கு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டதில் ஒரு நிம்மதி இருக்கிறது பாருங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். அடிப்படையில் தொடங்கி கட்டளைகளின் முழுப் பட்டியல் வரை போகும் வழிகாட்டி அது. மாரோவின்ட் மாட் செய்கிறவர்கள் பல வருடம் அதைத்தான் புரட்டினார்கள்.

அப்புறம் மைன்கிராஃப்ட். 2010 வாக்கில் ஜார் கோப்பைக் கையால் பிரித்து ஒட்டும் காலம். விளையாட்டின் ஃபோல்டரே விண்டோஸ் மறைத்துவைக்கும் இடத்தில் இருக்கும், ரன் பெட்டியில் சதவீதக் குறி போட்டு ஆப்டேட்டா என்று தட்டினால்தான் கிடைக்கும். இதைச் சொல்லாத வழிகாட்டிகளும் உண்டு. 2013 ஜூலையில் 1.6 பதிப்போடு புது லாஞ்சர் வந்தது. ஃபோர்ஜ் போன்ற கருவிகளும் இரண்டு கிளிக்கில் தங்களை நிறுவிக்கொள்ளத் தொடங்கின. ஸ்கைரிமுக்கு 2012-லேயே ஸ்டீம் வொர்க்‌ஷாப் வந்துவிட்டது, ஒரு பொத்தானை அழுத்தினால் மாட் தானே வந்து இறங்கும். அதாவது வழிகாட்டியையே கருவி விழுங்கிவிட்டது. நல்லதுதான், ஆனால் மாட்கள் ஒன்றோடொன்று மோதி விளையாட்டு நின்றுபோகும் நாளில், பொத்தானை மட்டுமே தெரிந்தவன் அண்ணன் மாதிரிதான் உட்கார்ந்திருப்பான்.

சரி, மெட்டா-இன்ஃப்? அதில் இருந்தது டிஜிட்டல் கையெழுத்தும், உள்ளே இருந்த கோப்புகள் ஒவ்வொன்றின் கைரேகையும். கோப்பை மாற்றினால் கைரேகை பொருந்தாது, ஜாவா ஓட மறுக்கும். அந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை, ஓடவிட்டுவிடும். கடித உறையின் அரக்கு முத்திரை மாதிரி. மூன்று வரியில் சொல்லக்கூடிய விஷயம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதுக்கா ரெண்டு நாள் உட்கார்ந்தேன்? அந்த நோட்டுல இதையும் எழுதியிருந்தா அழிச்சிருப்பேனேடா" என்றார்.