ஆர்வலர் அவைகளும் இளஞ்சிறாரும்: கல்கத்தா கற்பித்த பாடம்

ஒத்த ஆர்வம் உடையோர் ஒருங்கு கூடுவது பழைய வழக்கம். அஞ்சல் தலை சேர்ப்போர், பறவை நோக்குவோர், சதுரங்கம் ஆடுவோர், விண்மீன் பார்ப்போர் எனப் பலவகைக் குழாங்கள் எந்நாட்டிலும் உண்டு. முன்னாளில் அவர்கள் ஓர் அறையில் கூடினர். இந்நாளில் இணையத்தின் வழியே, ஒருவர் முகம் ஒருவர் காணாமலே கூடுகின்றனர். இத்தகைய அவைகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்கலாமா, சேர்த்தால் தீங்கு ஏதும் விளையாதா என்னும் வினா இன்று குழந்தைகள் உள்ள வீடுகளில் எழுகிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அவ்வினா இன்னும் அழுத்தமாக எழுகிறது. பாட்டனும் பாட்டியும் ஊரில் இருக்கின்றனர். அத்தை மகனையும் மாமன் மகளையும் கோடை விடுமுறையில் மட்டுமே காண முடிகிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மொழி வேறு. பள்ளி விட்டு வந்த குழந்தைக்குத் தோழமை எங்கிருந்து வரும் என்ற கவலை ஒருபுறம். எங்கிருந்தோ வரும் தோழமை எத்தகையதோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே பெற்றோர் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஆயினும் இவ்வினா புதியதன்று. நாம் வாழும் இந்தக் கல்கத்தா மாநகரம், 2001 முதல் கொல்கத்தா எனப் பெயர் எழுதப்பெறும் இந்நகரம், நூறாண்டுகளுக்கு மேலாக ஆர்வலர் அவைகளுக்குத் தாயகமாக இருந்து வருகிறது. அவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின், நம் வினாவுக்கு விடை காணும் வழி புலப்படும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் 'ஹாபி' என்பதை நாம் 'பொழுதுபோக்கு' என மொழிபெயர்க்கிறோம். பொழுதைப் போக்குவது என்றதும், அது வேலையற்றோர் செய்கை என்ற எண்ணமும் உடன் ஒட்டிக்கொள்கிறது. வங்காளியர் அதனை 'ஷொக்' என்பர்; மனம் விரும்பி நாடுவது என்பது அதன் பொருள். 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் அன்பு செலுத்துபவர் என்பதே. கூலிக்காக அன்றி அன்பினால் ஒன்றைப் பயில்பவரே அமெச்சூர். இவ்வுரையில் அவரை ஆர்வலர் என்றே குறிப்போம்.

அத்தகைய ஆர்வலருள் தலைசிறந்தவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவது. 1907ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞரான சந்திரசேகர வெங்கட ராமன் மத்திய அரசின் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். புதுமணத் தம்பதியராக வந்த அவருக்கும் அவர் மனைவி லோகசுந்தரிக்கும் இவ்வூர் புதிது, மொழியும் புதிது. ஒரு நாள் டிராம் வண்டியில் செல்லுகையில், பௌபஜார் தெருவில் 'இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்' என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய கழகம் அது. அரசின் கையை எதிர்பாராது, பொதுமக்கள் பொருளுதவியால் நடந்துவந்தது. ராமன் உள்ளே சென்றார். ஆசுதோஷ் தே என்ற உதவியாளர் கதவைத் திறந்தார். நிறுவனரின் புதல்வரும் கழகத்தின் செயலாளருமான அமிர்தலால் சர்க்கார் அவரை மனமுவந்து வரவேற்றார். அன்று முதல், கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், அலுவலகம் செல்லும் முன் அதிகாலையிலும், அலுவல் முடிந்த பின் இரவிலும், ராமன் அங்கே ஆய்வு நடத்தினார். 1917இல் அரசுப் பணியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ஒளிச்சிதறல் பற்றிய அவரது கண்டுபிடிப்பு வெளிப்பட்டதும் அக்கழகத்திலேதான். 1930இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, ஊருக்குப் புதியவரான ஒருவருக்குச் சுற்றமும் தோழமையும் அளித்தது குலமோ மொழியோ அன்று, ஒத்த ஆர்வமே. இரண்டாவது, அவர் நுழைந்தது பெயர்ப்பலகை தாங்கிய வாயில் வழியாக. அவரை வரவேற்றவர் யாவர், அவர்தம் தொழில் யாது, அவ்விடத்துப் பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. இதனோடு மூன்றாவதாக ஒன்றையும் மறைக்கலாகாது. காலையும் மாலையும் ஆர்வத்திற்கே அளித்தவரின் இல்லத்தில், அவருக்குரிய பொழுதின் பெரும்பகுதி வெறுமையாகவே இருந்திருக்கும். நல்ல அவையும் பொழுதை விழுங்கும் இயல்புடையது. முதிர்ந்தவர் அதனைத் தாமே அளந்துகொள்வர். குழந்தைக்கு அளந்து கொடுப்பவர் வேறொருவர் வேண்டும்.

இனி, முகம் காணாமல் கூடிய அவைகளின் வரலாற்றுக்கு வருவோம். கம்பியில்லாத் தந்தியின் அலைகளை ஜகதீச சந்திர போஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இயக்கிக் காட்டினார் என்பதை யாவரும் அறிவர். அவ்வலைகளைக் கொண்டு உரையாடும் ஆர்வலர் பின்னர்த் தோன்றினர். 1921இல் அமரேந்திர சந்திர குப்தா இந்தியாவின் முதல் ஆர்வலர் வானொலி உரிமத்தைப் பெற்றார், 2 ஜே.கே. என்பது அவரது அழைப்புக் குறி. அவ்வாண்டிலேயே முகுல் போஸ் இரண்டாமவராகச் சேர, இருவழி உரையாடல் இந்நாட்டில் தொடங்கிற்று. 1923 நவம்பரில் கல்கத்தா ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் பிறந்து, அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பலாயிற்று. அரசு நிலையங்கள் தோன்றும் முன்னரே இந்திய வானொலி ஆர்வலர் கழகங்களிற் பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

அறியாதவரோடு பேசுவது ஆபத்து என்னும் அச்சம் அன்றும் இருந்தது. பெற்றோரினும் மிகுதியாக அரசே அஞ்சியது. 1939இல் உலகப் போர் மூண்டதும், ஆங்கில அரசு புதிய உரிமங்களை நிறுத்தி, ஆர்வலர் அனைவரும் தம் ஒலிபரப்புக் கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. விடுதலைக்குப் பின், 1948இல் மோ நகரில் ஆர்வலர் வானொலிக் கழகம் நிறுவப்பெற்றது. 1954இல் அது இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் எனப் பெயர் பெற்றது.

அச்சத்திற்கு நம் அரசு கண்ட விடை தடை அன்று, ஒழுங்கு. அவ்வொழுங்கு கவனித்தற்குரியது. தேர்வெழுதித் தேறியவரே பேச உரிமை பெறுவர். பன்னிரண்டு வயது நிரம்பிய சிறுவரும் தேர்வெழுதலாம். பேசுபவர் தம் அழைப்புக் குறியைச் சொல்லியே பேச வேண்டும். அக்குறிக்குரிய பெயரும் முகவரியும் அரசின் ஏட்டில் உண்டு. யாரோடு, எப்பொழுது பேசினார் என்பதைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். வாணிகப் பேச்சுக்கு இடமில்லை. மறைமொழியில் பேசவும் கூடாது. பிறர் கேட்டு அறியத்தக்க வெளிப்படையான மொழியிலேயே பேச வேண்டும். இவ்விதிகளின் கீழ்ப் பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள அந்நியரோடு சிறுவர்கள் உரையாடி வந்துள்ளனர். சிறுவன் பேசுவதைத் தந்தை மட்டுமன்றி, அவ்வலைவரிசையில் கருவியைத் திருப்பிய எவரும் கேட்கலாம். அது கதவில்லாத கூடம்.

அக்கூடத்தின் பயனையும் நாடு கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஓர் ஆர்வலர் குழு போர்ட் பிளேரில் இருந்தது. ஆர்வத்திற்காக அங்கே சென்றிருந்தவர்கள், மற்றத் தொடர்புகள் அறுந்த வேளையில், தீவுகளில் உயிர் பிழைத்தோர் செய்தியைத் தாய்நாட்டுக் கரையில் காத்திருந்த உறவினர்க்கு எட்டச் செய்தனர். தமிழர் பலர் வாழும் தீவுகள் அவை என்பதை நாம் மறத்தற்கில்லை.

குழந்தைகளுக்கென்றே எழுந்த அவைகளும் கல்கத்தாவில் உண்டு. 1913இல் உபேந்திரகிஷோர் ராய் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்க மொழியில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும், இனிப்பு என்றும் இரு பொருள். அவருக்குப் பின் அவர் புதல்வர் சுகுமார் ராய் அதனை நடத்தினார். இடையில் நின்றுபோன அவ்விதழுக்கு 1961இல் பேரர் சத்யஜித் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் மீண்டும் உயிரூட்டினர். அதில் சிறுவரின் எழுத்துக்கென ஒரு பகுதியும், 'பிரகிருதி படுவார் தப்தர்', அதாவது இயற்கை பயில்வோர் பணிமனை, என்னும் பகுதியும் இருந்தன. பறவையையும் பூச்சியையும் நோக்கும் பழக்கத்தைச் சிறுவரிடையே வளர்த்தது அப்பணிமனை.

1940களில் ஆனந்த பஜார் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை 'மௌமாசி' என்ற புனைபெயரில் நடத்திய விமல் கோஷ், 'மணிமேளா' என்னும் சிறுவர் அமைப்பை வளர்த்தார். ஜுகாந்தர் நாளிதழின் சார்பில் 'ஸ்வப்பன் புடோ' எனப் புனைபெயர் பூண்ட அகில் நியோகி, 'சப் பேயேசிர் ஆசர்' என்ற அவையை நடத்தினார். காகிதத்தில் பெயர் பதித்த குழந்தைகள் பின்னர்த் தத்தம் வட்டாரத்தில் நேரில் கூடி ஆடவும் பாடவும் தலைப்பட்டனர். கல்கத்தா வானொலியில் 'கல்பதாதூர் ஆசர்' என்னும் கதைத் தாத்தாவின் அவை நடந்தது; சென்னை வானொலியில் கூத்தபிரான் 'வானொலி அண்ணா'வாக விளங்கினார். 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். தாத்தா, அண்ணா என்னும் உறவுப்பெயர்கள் அழகுக்காக மட்டும் சூட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொரு குழந்தையின் கடிதத்தையும் முதலில் பிரித்துப் படிப்பவர் ஒரு பெரியவர். தக்கதை வெளியிடுவார், தகாததை விலக்குவார். குழந்தைக்கும் அந்நியர்க்கும் இடையே பொறுப்புள்ள ஒருவர் நின்றார்.

இவ்வரலாறு முழுதும் குறையற்றது என்று கூறுவதற்கில்லை. ஆர்வலர் கழகங்களில் நெடுங்காலம் பொருள் படைத்தோரும் ஆங்கிலம் கற்றோருமே மிகுதி, பெண்மக்கள் அரியர். நேரில் கூடுவதாலேயே தீங்கு நீங்கிவிடும் என்பதும் பிழை. நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, சிறாருக்குப் பாலியல் தீங்கிழைப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அக்குழந்தை அறிந்தவரே, அன்றேல் அதன் நம்பிக்கைக்குரியவரே எனக் கண்டது. ஆகவே அண்மை நலம், சேய்மை தீது என்று வகுப்பது நம்மை ஏமாற்றும். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவைக் கொண்டு இன்றைய இணைய அவைகளைப் பார்ப்போம். சதுரங்கத்தையோ விண்மீனையோ பற்றிப் பலர் முன்னிலையில் நடக்கும் உரையாடல், பழைய வானொலிக் கூடத்தின் வழிவந்தது. அதில் தீமை குறைவு. ஆனால் அதே அவையில் ஒருவர் குழந்தையைத் தனியே அழைத்து, பிறர் காணாத உள்ளறையில் பேச வசதி இருக்குமாயின், அங்கேதான் இடர் தொடங்குகிறது. பழைய ஆர்வலர் விதி மறைமொழியை விலக்கியதன் காரணம் வேறாயினும், அதன் பயன் குடும்பங்களுக்கு மிகப் பொருந்துவது.

ஆதலின் பெற்றோர் ஓர் அவையைப் பற்றி நான்கு செய்திகளை ஆராயலாம். அங்கே பொறுப்பாளர் யார், அவர் பெயர் வெளிப்படையா? பேச்சு எடுத்த பொருளைப் பற்றியே நிகழ்கிறதா, அன்றிக் குழந்தையின் வீடு, பள்ளி, படம் ஆகியவற்றை நாடுகிறதா? தனியறைப் பேச்சை அடைத்து வைக்க இயலுமா? பெற்றோர் உடனிருந்து பார்க்க அவையோர் இசைவரா? நான்காவதற்கு முகம் சுளிக்கும் அவை எத்துணைச் சிறப்புடையதாயினும் குழந்தைக்கு ஆகாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை வகுத்தது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இடர் நேர்ந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். எனினும் சட்டம் வாயில்வரை வரும். கூடத்தில் உடன் அமர்வது பெற்றோர் கடன்.

வானொலி ஆர்வலரிடம் நல்ல மரபு ஒன்றுண்டு. உரிமம் பெறும் முன்னர்ப் பல மாதங்கள் பிறர் பேச்சைக் கேட்டு மட்டுமே இருப்பர். கேட்டுத் தேர்ந்த பின்னரே வாய் திறப்பர். நம் வீடுகளிலும் அவ்வாறே தொடங்கலாம். லேக் மார்க்கெட் வட்டாரத்து மாடி வீடாயினும், புறநகர்க் குடியிருப்பாயினும், மாலையில் அரைமணி நேரம் தாயோ தந்தையோ குழந்தையருகே அமர்ந்து, அவ்வவையின் பேச்சைச் சேர்ந்து கேட்கலாம். குழந்தை எதனை விரும்புகிறது என்பதை அப்பொழுது பெற்றோர் அறிவர். பெற்றோரிடம் எதனையும் மறைக்காமல் சொல்லலாம் என்பதைக் குழந்தை அறியும். பின்னர் அவையின் கதவு எத்தகையது என்பதைக் குழந்தையே வந்து சொல்லும்.