மக்களைத் தேடி மருத்துவம்

தொற்றா நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று சிகிச்சை அளிக்கும் தமிழ்நாடு அரசுத் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது பெற்றது.

பின்னணி: 2020இல் மாநில அளவில் நடந்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது.

செயல்முறை: சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்வான மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரை தருகின்றனர். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு.

தேனி மாவட்டம்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வது வழக்கம். பகலில் வரும் தன்னார்வலருக்குப் பூட்டிய வீடே எதிர்ப்படும். இங்கு வருகை நேரமே முக்கியம். மேல்சிகிச்சைக்குக் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

தொடர்புடையது: உடலுழைப்பு குறைந்தோரை நடக்கவைக்க, 2023 நவம்பர் 4 அன்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையுடன் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது.