விசிறி பூட்டிய கார்களும் விதிப்புத்தகமும்

இணையவழிக் காரோட்டப் போட்டியில் முதன்முதலாக இறங்கும் எவரும் கேட்கும் முதற் கேள்வி, இருப்பவற்றுள் அதிவேகக் கார் எது என்பதுதான். சில நாட்களிலேயே விடை எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன்பின் தொடக்கக் கோட்டில் வந்து நிற்பவை யாவும் ஒரே கார். நிறம் மாத்திரமே வேறு. இக்கேள்வி கணினிக்கு முற்பட்டது. அது எழுந்தபோதெல்லாம் போட்டி நடத்தியவர்கள் எவ்வாறு தடுமாறினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் ரூறிஸ்மோ' என்ற விளையாட்டை உருவாக்கியவர் கசுனோரி யமவுச்சி. அதன் ஐந்தாம் பதிப்பு 2010 நவம்பரில் வெளியாயிற்று. அதற்காக அவர், ரெட் புல் அணியின் தலைமைத் தொழினுட்ப அதிகாரி ஏட்ரியன் நியூவியிடம், விதிகள் எதுவுமே இல்லையென்றால் நிலத்தில் ஓடக்கூடிய அதிவேகக் கார் எப்படியிருக்கும் என்று வினவினார். விடையாக வந்ததே எக்ஸ்2010. மணிக்கு 400 கிலோமீற்றருக்கு மேற் செல்லும் கற்பனைக் கார் அது. அதன் பின்புறத்திலே ஒரு விசிறி இருந்தது.

விசிறி எதற்கு? நேர்ப்பாதையில் விரைவது குதிரைவலுவின் வேலை. போட்டியின் வெற்றியோ பெரும்பாலும் வளைவுகளில் தீர்மானிக்கப்படுவது. வளைவில் ரயர்கள் தரையைப் பற்றிக்கொள்ள வேண்டுமெனின் காரைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை வேண்டும். பின்னிறக்கைகள் அவ்விசையைத் தருவது வேகமாகச் செல்லும்போது மாத்திரமே. காரின் அடியிலுள்ள காற்றை விசிறியொன்று உறிஞ்சி வெளியேற்றினால், மெதுவாகச் செல்லும்போதுங்கூட வளிமண்டலமே காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும்.

இவ்வெண்ணம் நியூவிக்கு உரியதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ரெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் ஜிம் ஹோல் என்பவர் அதைச் செய்து காட்டினார். அவருடைய சப்பரல் 2ஜே, 1970 இல் வட அமெரிக்காவின் கான்-ஆம் போட்டிகளில் இறங்கியது. பனிச்சறுக்கு வண்டிகளுக்குரிய சிறிய இயந்திரமொன்று அதன் பின்புறத்து இரு விசிறிகளைச் சுழற்றியது. காரின் அடிவிளிம்பைச் சுற்றி நெகிழித் தகடுகள் தொங்கின. பார்ப்பதற்குச் சக்கரம் பூட்டிய பெட்டிபோல இருக்கும். ஆயினும் றிவர்சைட் ஓடுபாதையில் நடந்த தகுதிச் சுற்றில், விக் எல்போர்ட் அக்காரை ஏனையோரைவிட இரண்டு செக்கன்களுக்கு மேல் விரைவாகச் செலுத்தினார். இயந்திரக் கோளாறுகள் தொடர்ந்தமையால் ஒரு போட்டியிலேனும் அது வெல்லவில்லை. எனினும் விசிறி, அசையும் காற்றியக்கச் சாதனம் எனத் தீர்க்கப்பட்டு, அந்தப் பருவத்தோடு தடைசெய்யப்பட்டது.

கான்-ஆம், விதிகள் மிகக் குறைவு என்று பெருமை பேசிய தொடர். அதற்கும் ஒரு விலை இருந்தது. 1973 இல் ஆயிரம் குதிரைவலுவைத் தாண்டிய போர்ஷே 917/30 காரில் மார்க் டொனகியூ எட்டுப் போட்டிகளில் ஆறினை வென்றார். மற்ற இரண்டும் முந்திய மாதிரிப் போர்ஷே கார்களுக்கே போயின. அடுத்த ஆண்டில் எரிபொருட் கட்டுப்பாடு வந்தது. 1974 ஆம் ஆண்டுடன் அத்தொடரும் நின்றுபோயிற்று. எரிபொருள் நெருக்கடியையும் காரணமாகக் கூறுவர். ஆனால், விளையாட்டுப் பக்கத்துக்குச் செய்தி எழுதியவர்கள் அறிவார்கள்: வெல்பவர் யாரென முன்னரே தெரிந்த போட்டிக்குத் தலைப்பு வைப்பது மிகவும் சிரமம்.

இரண்டாவது விசிறியின் கதை இதைவிடச் சுவையானது. 1978 இல் போர்மியூலா 1 போட்டிகளில் லோட்டஸ் 79 கார்கள் எவரையும் அண்டவிடவில்லை. பிரபம் அணியின் வடிவமைப்பாளர், தென்னாபிரிக்காவிற் பிறந்த கோர்டன் மறே, தமது காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியைப் பூட்டினார். அசையும் காற்றியக்கச் சாதனங்களை விதி தடுத்திருந்தது. ஒரு பொருள் அவ்வாறானதா என்பது அதன் முதன்மைப் பயனைப் பொறுத்தது. மறே குளிரூட்டியை இயந்திரத்துக்கு மேலே வைத்து, விசிறி இழுக்கும் காற்றிற் பாதிக்கு மேல் அதற்கூடாகச் செல்லுமாறு செய்தார். ஆகவே இது குளிரூட்டும் விசிறி என்று வாதிட்டார்! சட்டத்தரணிகள்கூடப் பொறாமைப்படும் வாதம் அது.

1978 ஜூன் 17 இல் சுவீடனின் அண்டர்ஸ்ரோப் ஓடுபாதையில் அக்கார் இறங்கியது. உண்மையான வேகம் வெளிப்பட்டுவிடக் கூடாதென்பதற்காக எரிபொருளை நிரம்ப ஏற்றிக்கொண்டே தகுதிச் சுற்றில் ஓடினார்கள் என்று பின்னர் கூறப்பட்டது. போட்டியின் நடுவே ஓடுபாதையில் எண்ணெய் சிந்தியது. மற்றவர்கள் வழுக்கித் தடுமாறினர். நிக்கி லவுடா எதுவும் நடவாததுபோற் சென்று 34 செக்கன் முன்னிலையில் வென்றார். பின்னால் வருபவர்கள்மீது அந்த விசிறி கல்லையும் மண்ணையும் வீசுகிறது என்று எதிரணிகள் முறையிட்டன. அணியின் உரிமையாளரான பேர்னி எக்கிள்ஸ்ரன், அணிகளின் சங்கத்துக்கும் தலைமை தாங்கியவர். சங்கம் பிளவுபடுவதை அவர் விரும்பவில்லை. காரை மீளப்பெற்றுக்கொண்டார், அந்த வெற்றி மாத்திரம் பதிவில் நின்றது.

இத்தகைய தடைகளுக்குக் கூறப்படும் நியாயங்கள் இரண்டு: உயிராபத்து, பணச்செலவு. இரண்டும் பொய்யல்ல. 1986 இல் கோர்சிக்காத் தீவில் ஹென்றி ரொய்வொனனும் அவரது துணையோட்டுநரும் மாண்ட பின்னரே, குறூப் பி எனப்பட்ட அதிவேக ரலிக் கார்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

ஆனால் கணினித் திரையில் எவரும் சாவதில்லை. விசிறி கல்லை வீசினால் எவருக்கும் காயமில்லை. எக்ஸ்2010 ஐ ஓட்டுவதால் எந்த அணியும் கடன்படப் போவதுமில்லை. அப்படியிருந்தும் அங்கேயும் அதே விதிகள் வந்தன. ஒவ்வொரு காருக்கும் அதன் வலு, நிறை முதலியவற்றைக் கொண்டு செயற்றிறன் புள்ளி கணிக்கப்பட்டு, இன்ன புள்ளிக்கு மேற்பட்ட கார் வரக்கூடாதென்று எல்லை வகுக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த 'கிரான் ரூறிஸ்மோ ஸ்போர்ட்' இன்னும் ஒரு படி மேலே சென்றது: விரைவான காருக்கு நிறையைக் கூட்டி, வலுவைக் குறைத்து, எல்லாக் கார்களையும் ஏறத்தாழச் சமமாக்கியது. இது 2006 இல் ஐரோப்பாவில் ஆரம்பமான ஜிரி3 கார்ப் போட்டிகளில் ஏலவே நடைமுறையிலிருந்த முறை. உயிராபத்தும் செலவும் இல்லாத இடத்திலும் இவ்விதிகள் தேவைப்பட்டனவென்றால், மூன்றாவதொரு நியாயம் முன்னிருந்தே உள்ளுறைந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். போட்டியைக் காரே முடித்துவைத்துவிட்டால் ஓட்டுநருக்கு அங்கே வேலையில்லை.

விளையாடுபவர்களும் சளைத்தவர்களல்லர். புள்ளியிற் குறைந்ததாகக் காணப்பட்டு ஓடுபாதையில் அதனை மிஞ்சும் காரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவர்களின் கலையாயிற்று. முதன்மைப் பயன் குளிரூட்டல் என்று வாதிட்ட மறேயின் வழித்தோன்றல்கள் என்றே இவர்களைக் கருதுகிறேன். வளைவுகள் நிறைந்த மொனாக்கோவுக்குத் தேர்வது ஒன்று, நேர்ப்பாதைகள் நீண்ட மொன்சாவுக்குத் தேர்வது வேறொன்று.

நிசான் நிறுவனமும் பிளேஸ்ரேசனும் 2008 இல் தொடங்கிய 'ஜிரி அக்கடமி', விளையாடுபவர்களுக்குள்ளிருந்து உண்மையான ஓட்டுநரைத் தேடியது. அதன் முதல் வெற்றியாளரான ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்டோனெஸ், 2011 இல் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் தமது வகுப்பில் இரண்டாமிடம் பெற்றார்.

மறே விசிறியைக் கைவிடவில்லை. 2020 இல் அவர் அறிமுகப்படுத்திய ரி.50 என்ற காரின் பின்புறத்தில் 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள விசிறி இருக்கிறது. அது பொதுவீதியில் ஓடும் கார். போட்டி விதிகள் அதைத் தடுக்கமாட்டா. சப்பரல் 2ஜே, 2004 இல் 'கிரான் ரூறிஸ்மோ 4' வெளியானபோது அதன் கார்களுள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நிசத்தில் ஒரு போட்டியும் வெல்லாத அக்காரை, முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின் பிள்ளைகள் தம் வீட்டு வரவேற்பறையில் இருந்தவாறே வெல்லவைத்தார்கள்.