முகடு கூர்மை பெற்ற வரலாறு

தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி வடக்கே சென்றால் வருவது வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனை, ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் சி. வி. ராமனுக்குத் துணை நின்றவர் என்ற அளவிலேயே தமிழுலகம் பெரிதும் நினைவுகூர்கிறது. ஆனால் 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் அவர் மேற்கொண்ட காந்தவியல் ஆய்வுகள், மூளைக் கட்டியின் தன்மையைக் கத்தி படாமல் அறிய இன்று உதவும் காந்த ஒத்ததிர்வு நிறமாலைப் படமாக்கத்தின் மையச் சிக்கலோடு நெருங்கிய உறவுடையவை.

வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டுகிறது. நிறமாலைப் படமாக்கமோ மூளையைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வேதிப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதை முகடுகள் கொண்ட வரைகோடாகத் தருகிறது. செல் சவ்வுகள் பெருகும்போது உயரும் கோலின் முகடும், ஆற்றல் சேமிப்போடு தொடர்புடைய கிரியேட்டின் முகடும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை; 1.5 டெஸ்லா புலவலிமை கொண்ட கருவியில் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் அதிர்வுகளில் இவ்விரண்டையும் பிரிப்பது சுமார் 12 அதிர்வுகளே. அதிர்வெண் புலத்தின் வலிமையைப் பொறுத்ததாகையால், காந்தப்புலம் அந்த நூலிழை அளவுக்குப் பிசகினாலும் இரு முகடுகளும் ஒன்றாய்க் குழைந்துவிடும்.

புலம் பிசகுவதற்குக் காரணம் பொருள்கள் அனைத்துக்கும் இயல்பாக உள்ள மெல்லிய காந்தத்தன்மையாகும். கிருஷ்ணன் அளந்தது இதைத்தான். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகம் ஒன்றை ஒருசீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டே போனால், படிகம் தன் நிலையிலிருந்து 45 பாகை திரும்பும் வரை தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்து, அதைத் தாண்டியதும் சட்டெனப் புரண்டுவிடும். அதுவரை ஏறிய முறுக்கின் அளவிலிருந்து, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அவர் கணக்கிட்டார். மனிதத் தலைக்குள் இந்த மெல்லிய தன்மையே பெருந்தடையாகிறது: திசுவுக்கும் காற்றுக்கும் காந்த ஏற்புத்திறனில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு வேறுபாடு இருப்பதால், நெற்றியின் காற்றறைகளையும் காதையும் ஒட்டிய பகுதிகளில் புலம் வளைந்து, முகடுகள் அகன்று சிதைகின்றன.

காந்த ஒத்ததிர்வுத் துறையின் தொடக்கக் காலத்திலேயே இந்தியர் இருவரின் பங்கு பதிவாகியுள்ளது. 1946-இல் பிளாக், பர்செல் ஆகியோரின் குழுக்கள் அணுக்கரு காந்த ஒத்ததிர்வைத் தனித்தனியே கண்டறிந்தபின், ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, பக்கார்டு ஆகியோருடன் பணியாற்றிய எஸ். எஸ். தர்மாட்டி, 1951-இல் எத்தில் ஆல்கஹாலின் நிறமாலையை மூன்று தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டினார். ஹைட்ரஜன்கள் ஒரே மூலக்கூறுக்குள்ளும் தத்தம் வேதிச்சூழலுக்கேற்ப வெவ்வேறு இடத்தில் ஒலிக்கும் என்னும் வேதி நகர்வு அதில் கண்கூடாயிற்று. அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. சூரியன், ஓடும் நீர்மம் தேங்கிய நீர்மத்தைவிட வலுவான சைகை தருவதை வெளியிட்டார். குற்றாலம் பேரருவியில் நனைந்தவர் விலக, நனையாதவர் வந்து நிற்பதுபோல, சோர்ந்த அணுக்கருக்கள் சைகையைப் பதியும் கம்பிச்சுருளை விட்டு நீங்கப் புதியவை வந்து சேர்வதே அதற்குக் காரணம். இன்று இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் முறைகளுக்கு அடிப்படையாக உள்ள இந்தக் கருத்துக்கு உரிய புகழ் சூரியனுக்கு இன்னும் கிட்டவில்லை.

ஆய்வுக்கூடத்தில் முகட்டைக் கூர்மையாக்க, மாதிரிக் குழாயையே சுழற்றிப் புலத்தின் மேடுபள்ளங்களைச் சராசரியாக்கும் வழி 1954-இல் வந்தது. நோயாளியைச் சுழற்ற இயலாது. ஆகவே வெஸ்டன் ஆண்டர்சன் 1961-இல் விவரித்த வழியே மருத்துவமனைக்கு உதவிற்று: துணைச் சுருள்களில் சிறு மின்னோட்டங்களைச் செலுத்திப் புலத்தைச் சமன்செய்யும் இம்முறைக்கு, இடுக்கில் செருகும் மெல்லிய தகட்டின் பெயரால் ஷிம்மிங் என்று பெயர். 1975-இல் சூரிக்கில் இந்தியரான அனில் குமார், வெல்ட்டி, எர்ன்ஸ்ட் ஆகிய மூவரும் வகுத்த ஃபூரியே படமாக்க முறையும், 1982-இல் முப்பரிமாண வேதி நகர்வுப் படமாக்கமும் சேர்ந்தபின், ஒற்றை மாதிரியின் நிறமாலை பல கட்டங்களின் நிறமாலையாக விரிந்தது.

விரிந்தபோது இடர்களும் பெருகின. வேதிப்பொருள்களின் சைகையைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய நீரின் சைகையை முன்கூட்டியே அடக்க வேண்டும்; மண்டையோட்டைச் சூழ்ந்த கொழுப்பின் சைகை அண்டைக் கட்டங்களில் கசியாமல் தடுக்க வேண்டும். 3 டெஸ்லாவுக்கு உயர்ந்தால் கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் இடைவெளி 25 அதிர்வுகளாகும் என்றாலும், காற்றறைகள் விளைவிக்கும் பிசகும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. பதிவுக்குப் பின் கணினி இரைச்சலைக் குறைக்கலாம், சாய்ந்த அடிக்கோட்டை நேராக்கலாம். பதிவிலேயே குழைந்த முகடுகளை நம்பகமாகப் பிரித்துத் தருவது அதனால் அரிது. எனவேதான் ஸ்கேன் அறையில் தொழில்நுட்பர் பதிவைத் தொடங்குமுன் நீரின் முகட்டை மட்டும் திரையில் வரவழைத்து, அதன் அகலம் போதிய அளவு குறுகும் வரை துணைச் சுருள்களின் மின்னோட்டத்தைத் திருத்துகிறார். குறுகாவிட்டால், நெற்றி எலும்பை விட்டுச் சற்றே விலக்கிக் கட்டத்தை மீண்டும் வரைகிறார்.