முழங்காலும் முன்னோர் பெருமையும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு நாள்தோறும் பேருந்தில் சென்று மீளும் நாம், சில ஆண்டுகளாக அதன் முதற்படியைச் சற்றே அச்சத்துடன் நோக்குகிறோம். உடல் பருத்தது, முழங்கால் தளர்ந்தது. ஓடிப் பார்த்தோம், வலி கூடிற்று. மெல்ல அசையும் சீனப் பயிற்சி ஒன்று உண்டெனக் கேள்வியுற்று வகுப்பில் அதுபற்றிப் பேசியபோது, "அது நம் போதிதர்மர் கொடுத்ததுதானே, ஐயா" என்றனர் மாணவர். 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் விதைத்த பெருமிதம் அது. அப்பெருமிதத்தைச் சான்றுகளோடு வைத்துப் பார்ப்பது நம் கடன்.

போதிதர்மரைக் குறிக்கும் மிகப் பழைய சீனப் பதிவு, கி.பி. 547ஐ ஒட்டி யாங் சுவான்ஷி எழுதிய லோயாங் நகர மடாலயங்களின் குறிப்பு. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அவர் மாணவர் எனப்படும் தான்லின், தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சியும் பல்லவரும் பிற்காலத்தார் சேர்த்தவை. அவர் பெயரால் வழங்கும் 'யி ஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூலோ 1624ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதனை அவருக்கு உரியதாக்கிய முன்னுரைகள் போலியானவை எனத் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளரே 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காட்டிவிட்டார்.

சான்று என்பது எப்படியிருக்கும் என்றறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழிப்பக்கம் மண்டகப்பட்டுக் குகைக்கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அதனை எடுப்பித்தவன் தானே என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்லிலேயே பொறித்து வைத்தான். போதிதர்மர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பயிற்சிக்கு அத்தகைய கல்வெட்டு எதுவுமில்லை.

அப்பயிற்சியின் வேர் சீனத்திலேயே மிக ஆழமானது. சாங்ஷா நகரருகே மவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பெற்ற கல்லறை ஒன்றை 1973இல் அகழ்ந்தபோது, பட்டுத்துணியில் தீட்டிய 44 உருவங்கள் கிடைத்தன. ஆடவரும் பெண்டிரும், முதியோரும் இளையோரும் அதில் உடலை நீட்டியும் வளைத்தும் நிற்கின்றனர். ஓர் உருவத்தின் அருகே முழங்கால் வலிக்கான பயிற்சி என்றே எழுதப்பட்டுள்ளது! போதிதர்மருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முன்பே முழங்காலுக்காகக் கைகால் அசைத்தோர் அங்கிருந்தனர். எட்டு அசைவுகளைக் கொண்ட 'பாதுவான்ஜின்' சோங் அரசர் காலத்தில், 12ஆம் நூற்றாண்டு நூலொன்றில் பெயர் பெறுகிறது. இன்று பூங்காக்களில் காணும் 'தாய்ச்சி' 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரிடையே உருவானது என்பர். அதன் 24 அசைவுச் சுருக்க வடிவம் 1956இல் வகுக்கப்பட்டது.

பருத்த உடலுக்கு இது ஏன் ஏற்றது? குதிப்பும் ஓட்டமும் இல்லை. முழங்காலைச் சற்றே மடித்து, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுகிறோம். தொடைத் தசை வலுப்பெறுகிறது; சமநிலை பழகுகிறது. பாஸ்டனில் முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற 204 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி, வழக்கமான இயன்முறை மருத்துவத்திற்கு இணையான பயன் தந்தது. ஹாங்காங்கில் வயிறு பருத்த, 50 வயது கடந்த 543 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்விலோ இடுப்புச் சுற்றளவு 1.8 செ.மீ. குறைந்தது, வழக்கமான உடற்பயிற்சி செய்தோருக்கு 1.3 செ.மீ. குறைந்தது. சிறு குறைவுதான், எடையைக் கரைக்கும் மாயம் இதில் இல்லை. நடக்க, எழ, படியேற உதவுவதே இதன் பயன்.

2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை கொண்டோர் என்கிறது. இவர்களுள் எத்தனை பேர் நம்மைப்போல் பேருந்துப் படிக்கு அஞ்சுகின்றனரோ! "எங்கள் ஆள் கொடுத்தது" என்று சொல்லி அவர்களை ஓரடிகூட நடக்கவைக்க இயலாது. பிறர் கலையைப் பிறர் கலையென்றே ஏற்றுப் பழகுவதில் இழிவொன்றுமில்லை. பழகாமலேயே உரிமை கொண்டாடுவதுதான் வீண்.

மாணவரிடம் இதனைச் சொன்னோம். சிலர் வருந்தினர், ஒருவர் மட்டும், "அப்படியானால் சொல்லிக் கொடுங்கள், ஐயா" என்றார். நாமே இன்னும் கற்றுக்குட்டிதான். இருந்தும் காலையில் வீட்டு முற்றத்தில் முழங்காலை மடித்து நிற்கிறோம். பேருந்தின் முதற்படி இப்போது சற்றே தாழ்ந்திருக்கிறது.