ஒன்பது எழுத்துக் காவல்

1960-களில் ஒரு நாள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்றொரு அமைப்பு. ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர், ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்வார்கள். உள்ளே நுழைந்ததும் 'இன்றைய செய்தி' என்று நாலு வரி வரும். அன்றைக்கு வந்தது செய்தி இல்லை. அத்தனை பேருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக வந்து நின்றன!

வில்லன் யாருமில்லை. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே டைரக்டரியில், ஒரே சமயத்தில் வேலை பார்த்தார்கள். ஒருவர் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்தினார். மற்றவர் செய்தியைத் திருத்தினார். ஒரு டைரக்டரியில் ஒரு ஆள்தான் இருப்பார் என்று நம்பி எழுதிய எடிட்டர், தற்காலிக ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். விளைவு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று. அந்த அமைப்பை உருவாக்கிய கோர்பட்டோவே, 1990-க்கான டூரிங் விருது பெற்ற உரையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

பகிர்ந்துகொள்வது என்றாலே இந்தத் தலைவலி உண்டு. யார் எதைத் தொடலாம்?

பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸ், இதற்கு எளிமையான பதில் சொன்னது. 1971-ல் வந்த முதல் கையேட்டில் இரண்டே ஜாதி: ஃபைலுக்குச் சொந்தக்காரர், மற்றவர். ஒன்றாக வேலை செய்கிறவர்களுக்காக நடுவே 'குழு' என்பது பிறகு சேர்ந்தது. மூன்று தரப்பு, ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமை. ஆக ஒன்பது எழுத்து. ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதிய லினக்ஸும் அதையே எடுத்துக்கொண்டது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆபீஸ் சர்வரில் பொது ஃபோல்டர். ஒருத்தர் வைத்த ஃபைலை இன்னொருத்தரால் திருத்த முடியவில்லை. உடனே என்ன செய்வோம்? 777! எல்லாருக்கும் எல்லாம். பிரச்னை தீர்ந்தது, கூடவே பூட்டும் போச்சு.

ஒரு விஷயம் தெரியுமா உங்களுக்கு? ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் அனுமதி தேவையே இல்லை. ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் உரிமை இருந்தால் போதும். படிக்கக்கூட அனுமதியில்லாத ஃபைலையும் அடுத்தவர் தூக்கி எறிந்துவிடலாம்!

சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். வேலை பார்க்கிறவர்களை ஒரு குழுவாக்குங்கள். ஃபோல்டரை அந்தக் குழுவிடம் ஒப்படைத்து 2770 போடுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே பிறக்கிற ஒவ்வொரு ஃபைலும் அதே குழுவைச் சேரும்படி பார்த்துக்கொள்ளும். புது ஃபைலில் குழுவுக்கு எழுதும் உரிமையும் கிடைக்க, 'யூமாஸ்க்' 002 என்று இருக்க வேண்டும். அடுத்தவர் ஃபைலை அழிக்கக் கூடாதா? 2-க்குப் பதில் 3. வைத்தவரும் ஃபோல்டரின் சொந்தக்காரரும் தவிர, நிர்வாகி மட்டுமே அழிக்க முடியும்.

நெட்வொர்க்கில் இன்னொரு வேடிக்கை. சன் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ்., வழக்கமான முறையில் ஆளைப் பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும். உங்கள் கம்ப்யூட்டரில் 1001 நீங்கள். பக்கத்து மேஜையில் 1001 வேறொருவர். சர்வருக்கு இரண்டு பேரும் ஒருவரே!

எம்.ஐ.டி.யில் அன்று யாரும் திருடவில்லை. இரண்டு நல்லவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள், அவ்வளவுதான். பூட்டு திருடனுக்காக மட்டுமில்லை, நமக்காகவும்தான்.